புழுவின் வெயிலும் பூச்சியின் வெயிலும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு விற்கும் விவசாயிகளிடையேயும், அவர்களுக்குக் கடன் கொடுப்போர், யோசனை சொல்வோர், கூட்டை விலைக்கு வாங்குவோர் ஆகிய அனைவரிடையேயும் ஓர் அபிப்பிராயம் எதிர்ப்பின்றி நிலைபெற்றிருக்கிறது. பட்டுப்புழு குளிர்ச்சியை நாடும் பிராணி என்பதும், அது தாங்கக்கூடிய உஷ்ணத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், பங்குனி பிறந்து ஆனி வரும்வரை இந்தப் பக்கத்து வெயில் அந்த எல்லையை மீறிவிடுகிறது என்பதும் அந்த அபிப்பிராயத்தின் முதற்பாகம். வெயில் வந்தால் பிஞ்சுப் புழுவே முதலில் மடியும், வளர்ந்த புழு எப்படியும் சமாளித்துக்கொள்ளும், கூடு கட்டி உள்ளே போய்விட்ட புழுவுக்கோ வெயிலால் ஒரு கெடுதலும் இல்லை என்பது அதன் இரண்டாம் பாகம். இந்த இரண்டு பாகங்களும் பிழை என்பதே என் கட்சி. வெறும் ஏட்டுப் பிழையாக இருந்தால் இவ்வளவு நீட்டி மறுக்க வேண்டியதில்லை. செலவழிக்க வேண்டிய இடத்தில் பணம் செலவாகாமல் வேண்டாத இடத்தில் செலவாவதற்கும், ஒரு நல்ல தொழில் கோடை முழுவதும் முடங்கிக் கிடப்பதற்கும் இந்தப் பிழையே காரணமாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த அபிப்பிராயம் பிறந்த இடம் எனக்குத் தெரியாததன்று. கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் உயரங்கூட இல்லாத இந்தச் சமவெளியில் சித்திரை வைகாசிப் பிற்பகல்கள் 40 டிகிரியைத் தொடுவது அபூர்வமன்று. சிமெண்டு ஓடு வேய்ந்த தாழ்வான புழு வளர்ப்பு மனைகளில் அந்த வேளையில் உள்ளே நுழைந்தவர் எவரும், மனிதனுக்கே மூச்சு முட்டும் இந்த இடத்தில் ஒரு சிறு புழு எப்படி வாழும் என்று கேட்காமல் வெளியே வரமாட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடையாக ஒரே ஓர் எண்ணைச் சொல்லி, இவ்வளவு டிகிரிக்கு மேல் பட்டுப்பூச்சி தாங்காது என்று முடித்துவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது. முட்டையாகவும், புழுவாகவும், கூட்டுப்புழுவாகவும், அந்துப்பூச்சியாகவும் நான்கு விதமாக வாழும் ஒரு ஜீவன் இது. புழுவாக இருக்கும் காலமும் நான்கு தோலுரிப்புகளால் ஐந்து பருவங்களாகப் பிரிந்துகிடக்கிறது. உண்ணும் விதமும், சுவாசிக்கும் வேகமும், நீரை இழக்கும் அளவும், உடம்பின் உள்ளமைப்பும் ஒன்றுக்கொன்று வேறான இத்தனை நிலைகளுக்கும் ஒரே உஷ்ண எல்லையை விதிப்பதற்கு, அவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

முதலில் பிஞ்சுப் புழுவை எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து வெளிவரும் புழுவின் எடை அரை மில்லிகிராமுக்கும் குறைவு. இருபத்தைந்து நாட்களுக்குள் அது நான்கு ஐந்து கிராம் எடைக்கு, அதாவது ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு, பெருத்துவிடுகிறது. இவ்வளவு வேகமான விருத்திக்கு அந்தச் சிற்றுடலுக்கு வேண்டியது உஷ்ணமே. அதனால்தான் பட்டுப்புழு வளர்ப்பு நூல்கள் அனைத்தும் முதற்பருவப் புழுவுக்கு 27 முதல் 28 டிகிரி உஷ்ணமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்றும், பருவம் ஏற ஏற இந்த இரண்டையும் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்தாம் பருவத்தில் 23, 24 டிகிரியும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் போதும் என்றும் ஒருமுகமாகச் சொல்கின்றன. பிஞ்சு குளிரை நாடுகிறது, முதிர்ந்தது வெயிலைத் தாங்குகிறது என்ற ஊர்வழக்கத்துக்கு இது நேர்தலைகீழ் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில், இரவு உஷ்ணம் இருபதுக்குக் கீழே இறங்கும் நாட்களில், இளம்புழு வளர்ப்பு மையங்களில் அறையைச் சூடேற்றும் அவசியம் ஏற்படுகிறதே, அது எதற்காக? சூடேற்றாவிட்டால் புழு இலையைத் தொடாது, ஒன்றுபோல் வளராது, தோலுரிக்கும் நேரம் ஒன்றுக்கொன்று மாறிப்போய், ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி தின்றுகொண்டிருக்கும். இதை ஆண்டுதோறும் கண்ணால் கண்டுகொண்டே, பிஞ்சுக்குக் குளிர்ச்சிதான் வேண்டும் என்று நம்புவது விந்தையாக இருக்கிறது.

கோடையில் பிஞ்சுப் புழு சாவதில்லையா என்று கேட்பார்கள். சாகிறது, ஆனால் பெரும்பாலும் வறட்சியால் சாகிறது. எடைக்கு மேற்பரப்பு மிக அதிகமாக உள்ள சிற்றுடல், தான் தின்னும் இலையின் ஈரத்தையே நம்பியிருக்கிறது. கொழுந்து இலையைப் பொடியாக நறுக்கித் தட்டில் தூவிய அரைமணி நேரத்துக்குள் வறண்ட காற்று அதன் ஓரங்களைச் சுருட்டிவிடுகிறது. சுருண்ட இலையை அந்த வாய் கடிக்க இயலாது. உணவு பக்கத்திலேயே கிடக்க, புழு பட்டினியால் மெலிகிறது. இளம்புழு மையங்களில் தட்டின்மேல் பாரபின் தாளை மூடி, ஓரத்தில் நனைத்த நுரைப்பஞ்சை வைப்பது இந்த வறட்சியைத் தடுப்பதற்கே. இந்தச் சிறு காரியத்தைச் செய்கிறவர், இலை வாடாமலும் உஷ்ணம் முப்பதுக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொண்டால், சித்திரையிலும் இரண்டாம் தோலுரிப்புவரை செழிப்பான புழுவைக் கொடுக்கிறார். ஆகவே குளிர்சாதனப் பெட்டியை வாங்கி இளம்புழு அறையில் மாட்டிவிட்டு, மூன்றாம் பருவத்தில் புழுவை வாங்கிக்கொண்டு போகும் விவசாயியைத் தகரக் கொட்டகையோடு விட்டுவிடுவது, நோயாளி இருக்கும் அறையை விட்டு அடுத்த அறையில் வைத்தியம் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

உண்மையான சோதனை ஐந்தாம் பருவத்தில் வருகிறது. புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஏழெட்டு நாட்களில்தான் தின்கிறது. உடம்புக்குள் பட்டுச் சுரப்பிகள் வீங்கி, கடைசியில் உடல் எடையில் கால்பங்குக்கும் மேலாக அவையே ஆகிவிடுகின்றன. பருத்த உடலுக்கு எடையை நோக்க மேற்பரப்பு குறைவு. உள்ளே உணவு எரிவதால் பிறக்கும் நீரும், இலையோடு வந்த நீரும், பக்கத்துக்கு ஒன்பதாக உள்ள சுவாசத் துவாரங்கள் வழியாகவும் தோல் வழியாகவும் ஆவியாகி வெளியேறினால்தான் அந்த உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியும். காற்றோட்டமற்ற மனையில், கிளையோடு வெட்டிப்போட்ட இலை அடுக்கடுக்காகக் கிடக்க, அடியிலே எச்சமும் மீந்த தண்டும் புளித்து வெதும்ப, மேலே ஆயிரக்கணக்கான புழுக்கள் நெருங்கிக் கிடக்கும் படுக்கையில் கையை வைத்துப் பார்த்தால், சுவரில் தொங்கும் உஷ்ணமானி காட்டுவதைவிடப் படுக்கை சூடாக இருப்பது தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில் புழுவைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு வேறு நிரூபணம் தேவைப்படாது. காலையில் மழை பெய்வதுபோல் சலசலத்த மனை நிசப்தமாக இருக்கும். புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டு, இலையின் மேலே ஏறி, தலையையும் மார்பையும் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். இலைகள் நடுவிலே கடிபட்டு ஓரங்கள் மீந்திருக்கும். உருண்டையாகவும் காய்ந்தும் விழவேண்டிய எச்சம் நசநசத்து உருவிழந்து விழும். விரலால் தொட்டால் உடம்பில் விறைப்பு இராது. இரண்டொரு நாளில் பால் நோய் கண்ட புழுக்கள் படுக்கையின் விளிம்பை நோக்கி ஊர்ந்து, தோல் கிழிந்து வெள்ளை நீர் வடியச் சாகும். நோயை உண்டாக்குவது நச்சுயிரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நச்சுயிரிக்குக் கதவைத் திறந்துவிடுவது உஷ்ணத்தால் தளர்ந்த தேகம். இதைக் கண்டபிறகு விவசாயி என்ன சொல்கிறார்? சாக்கி சென்டரில், அதாவது இளம்புழு மையத்தில், புழு சரியில்லை என்று சொல்கிறார். பிஞ்சே பலவீனமானது என்ற முன்முடிவு அவருடைய கண்களை அவருடைய மனையிலிருந்து திருப்பி, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மற்றொருவருடைய அறையின்மேல் வைத்துவிடுகிறது.

இனி, சாகாமல் பிழைத்த புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "வெயில் காலத்துல நல்லதுதானுங்க, ரெண்டு நாள் முன்னாடியே புழு பழுத்துருச்சு." விரைவாகப் பழுத்தது ஆதாயம் என்று எண்ணுகிறார்கள், இலையும் மிச்சம், ஆள்கூலியும் மிச்சம். புழுவின் உடல் தன் உஷ்ணத்தைத் தானே நிர்ணயிக்க இயலாதது; சுற்றிலும் உள்ள காற்று பத்து டிகிரி ஏறினால் அதன் சுவாசமும் உள்ளே நடக்கும் இரசாயன மாற்றங்களும் ஏறத்தாழ இருமடங்காகின்றன. ஒரு வரம்புவரை உணவு உட்கொள்வதும் அதோடு கூடவே ஏறுகிறது. ஆகவே வளர்ச்சி விரைகிறது. அந்த வரம்புக்கு அப்பால் சுவாசச் செலவு ஏறிக்கொண்டே போக, தின்னும் அளவோ குறையத் தொடங்குகிறது. தின்றதிலிருந்து எச்சமாகக் கழிந்ததையும், சீரணித்ததிலிருந்து சுவாசத்தில் எரிந்துபோனதையும் கழித்தபின் மீதமாவதே உடலாகவும் பட்டாகவும் மாறுகிறது. அந்த மீதம் சுருங்கிய நிலையில் விரைந்து முடிந்த ஜீவிதம் விளைவிப்பது மெல்லிய ஓடும் இலேசான கூடும்தான். நல்ல வெள்ளைக்கூட்டின் இழை ஆயிரம் மீட்டரை எட்டும் அல்லது தாண்டும். இரண்டு நாள் முந்திப் பழுத்த புழுவின் கூட்டில் அந்த நீளம் கிடைக்காது. தருமபுரி அங்காடியிலே கூட்டைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்து, காதோரம் குலுக்கிப் பார்த்து விலை சொல்கிறவருக்கு இது தெரியும். மிச்சமான இரண்டு நாள் கூலியைவிட அவர் குறைக்கும் விலை பெரிது.

சாவைக் கொண்டே வெப்பத் தாங்குதிறனை அளக்கும் வழக்கத்தில் உள்ள குறை இதுவே. ஒரு மணி நேரம் கடும் உஷ்ணத்தில் வைத்து எடுத்தபின் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது ஓர் அளவு. பத்து நாள் மிதமிஞ்சிய உஷ்ணத்தில் வாழ்ந்தபின் எவ்வளவு தின்றன, எவ்வளவு நூற்றன, எத்தனை முட்டை இட்டன என்று எண்ணுவது மற்றோர் அளவு. முதலாவதில் தேறிய உயிர் இரண்டாவதில் தோற்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, பெரிய புழு சாகவில்லை, ஆகையால் தாங்கிக்கொண்டது என்று தீர்ப்புச் சொல்வது சாஸ்திரமாகாது.

முட்டையின் கதை இதைவிட ஆச்சரியமானது. ஒரே எல்லையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் நடக்கும் அமிலச் சிகிச்சையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் பேசவேண்டும். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் பைவோல்டின் இனத்தின் முட்டை இயல்பாகவே மாதக்கணக்கில் உறங்கக்கூடியது. அதை உடனே பொரிக்கச் செய்வதற்காக, இட்டு ஏறக்குறைய இருபது மணி நேரமான முட்டைகளை, 1.075 ஒப்படர்த்தியுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 46.1 டிகிரிக்குச் சூடாக்கி, அதிலே ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அமிலம் போகும்வரை கழுவுகிறார்கள். நம் ஊர்க் கோடையின் மிகக் கொடிய பிற்பகலையும் மிஞ்சிய உஷ்ணத்தில், அதுவும் அமிலத்தில், முங்கி எழுந்த அந்த முட்டைகள், பத்துப் பதினொரு நாளில் பொரித்துப் புழுவாகின்றன. அதே முட்டை, உள்ளே கரு முதிர்ந்து ஓடு நீலம் பாரிக்கும் சமயத்தில், 25 டிகிரி அறையில் பொத்திப் பாதுகாக்கப்படுகிறது. அந்த நிலையில் அதை அமிலத் தொட்டியருகே கொண்டுபோகவும் எவரும் துணியார். பத்து நாள் இடைவெளியில், ஒரே ஓட்டுக்குள், தாங்கும் எல்லை இவ்வளவு மாறுகிறது என்றால், இந்தப் பூச்சியின் எல்லை இத்தனை டிகிரி என்ற வாக்கியத்துக்குப் பொருள்தான் என்ன?

முட்டையில் பட்ட உஷ்ணம் அந்தப் பருவத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. பைவோல்டின் முட்டையை 25 டிகிரியில் வெளிச்சத்தில் அடைவைத்தால், அதிலிருந்து வரும் பெண் வளர்ந்து அந்துப்பூச்சியாகி இடும் முட்டைகள் உறங்கும் முட்டைகளாக இருக்கும். 15 டிகிரியில் இருளில் அடைவைத்தால் உறங்காமல் பொரிக்கும் முட்டைகளாக இருக்கும். இதை நடத்திவைக்கும் சுரப்பு, தாய் கூட்டுப்புழுவாக இருக்கும்போது அதன் தலைக்குள் உணவுக்குழலுக்குக் கீழே உள்ள நரம்புமுடிச்சிலிருந்து வருகிறது என்று 1951 இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஃபுகுதாவும் ஹசேகாவாவும் தனித்தனியே நிரூபித்தார்கள். கரு பெற்ற உஷ்ணம், புழுப் பருவம் முழுவதையும் கடந்து, கூட்டுப்புழுவின் சுரப்பாக வெளிப்பட்டு, அடுத்த தலைமுறையின் விதியை நிர்ணயிக்கிறது! ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தனி எல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு பருவத்தில் பட்ட உஷ்ணத்தின் பலன் மற்றொரு பருவத்தில் தெரியவரும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த உண்மை மிகக் கடுமையாகப் பலிப்பது கூட்டுக்குள். கூடு கட்டியாயிற்று, இனி என்ன என்று, புழு கூடு கட்டும் நெட்ரிகா வலைகளைத் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கச் செல்லும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பழுத்த புழு நூற்கத் தொடங்குமுன் உடலில் உள்ள நீரைப் பெருமளவு கழிக்கிறது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இரவில் கழித்த நீர் அந்த அறையில் ஆவியாகிறது. ஜன்னலை அடைத்துவிட்டால் அந்த ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து, நூலின்மேல் உள்ள பிசினைச் சரியாகக் காயவிடாமல் செய்கின்றன. பிறகு நூற்பு ஆலையில் இழை அறுந்து அறுந்து போவதன் வித்து, புழு நூற்கும் அந்த மூன்று இரவுகளில் இடப்பட்டது. 24, 25 டிகிரியும் நல்ல காற்றோட்டமும் நூற்கும் புழுவுக்கு வேண்டும் என்று நூல்கள் சொல்வது அலங்காரத்துக்காக அன்று.

கூட்டுப்புழு உறங்குகிறது என்பதும் ஒரு மயக்கமே. அதன் சுவாசம் முதலில் தாழ்ந்து, பிறகு பூச்சியின் உறுப்புகள் உருவாக உருவாக மீண்டும் ஏறுகிறது. பழைய உடலைக் கரைத்துப் புதிய உடலைக் கட்டும் அந்த வேலை, ஒரு கவளம் உணவும் உள்ளே வராமல், புழு சேமித்த கொழுப்பையும் புரதத்தையும் கொண்டே நடக்கிறது. உஷ்ணம் ஏறினால் சேமிப்பு விரைந்து எரியும். ஆண்களின் விஷயம் இன்னும் மோசம். நூற்கும் கட்டத்திலும் கூட்டுப்புழுப் பருவத்தின் தொடக்கத்திலும் உயர்ந்த உஷ்ணத்தில் இருந்த ஆண் பட்டுப்பூச்சிகள் மலடாகின்றன என்று ஜப்பானில் சுகாயும் ஹனாவோகாவும் 1972 இல் எழுதினார்கள். 1981 இல் சுகாயும் தகஹாஷியும் மீண்டும் அதை ஆராய்ந்தார்கள். இப்படிக் கெட்ட ஆணைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது கூட்டை நனைத்துக்கொண்டு உரிய நாளில் வெளியே வருகிறது, இறக்கையைப் படபடவென்று அடித்துப் பெண்ணைச் சுற்றுகிறது, கூடுகிறது. பெண்ணும் முட்டை இடுகிறது. கருவுற்ற முட்டைகள் இரண்டு மூன்று நாளில் நிறம் கறுத்து வர, அட்டையின்மேல் திட்டுத்திட்டாகச் சில முட்டைகள் மட்டும் மஞ்சள் மாறாமல் நின்று, பிறகு நடுவில் குழிந்து போகும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. உயிரைக் கொல்லும் உஷ்ணத்துக்கு வெகு கீழே, வம்சத்தை நிறுத்தும் உஷ்ணம் ஒன்று இருக்கிறது. வித்துக்கூடு வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லாமல், முப்பத்தைந்து டிகிரியிலும் புழு சாகவில்லை என்று பாராட்டுவது பெருந்தீங்கு.

அந்துப்பூச்சிக்கு வருவோம். பட்டுப்பூச்சி பறக்காது, உண்ணாது. சில நாள் வாழ்ந்து, கூடி, முட்டையிட்டு மடிகிறது. ஆனால் அந்துப்பூச்சிக் குலம் முழுவதும் இப்படி அல்ல. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்களில், பச்சை உடலில் நீலக் கண்போன்ற புள்ளியுள்ள பருத்த புழுவைப் பார்த்திருப்பார்கள். அது பருந்துப்பூச்சி எனப்படும் வலிமையாகப் பறக்கும் பூச்சியாகிறது. அந்தக் குலத்தைச் சேர்ந்த அமெரிக்கப் புகையிலைப் பூச்சி ஒன்றை 1970 ஐ ஒட்டி ஆராய்ந்த பெர்ண்ட் ஹைன்ரிக், பறக்கும்போது அதன் மார்புத் தசைகள் நாற்பது டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் இயங்குவதையும், மிஞ்சிய சூட்டை அதன் இரத்தம் வயிற்றுப் பகுதிக்குக் கொண்டுசென்று வெளியேற்றுவதையும் காட்டினார். வாரக்கணக்கில் அந்த உஷ்ணத்தில் வளர்த்தால் நலியக்கூடிய புழுவே, இறக்கை முளைத்தபின் தன் மார்பைத் தானே அந்த உஷ்ணத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. ஓர் உடலுக்குள்ளேயே மார்புக்கு ஓர் உஷ்ணமும் வயிற்றுக்கு ஓர் உஷ்ணமும் இருக்கும்போது, ஓர் இனம் முழுவதற்கும் ஒன்றை எழுதிவைப்பது எப்படிப் பொருந்தும்?

காட்டிலும் வயலிலும் வாழும் பூச்சிகள் இந்த வேற்றுமையை அறிந்தாற்போல் ஒவ்வொரு பருவத்தையும் ஒவ்வோர் இடத்தில் வைக்கின்றன. அரிசோனாப் பாலைநிலத்தில் ஊமத்தை இலையில் இடப்பட்ட புகையிலைப் பூச்சியின் முட்டைகள், இலையின் நீராவிப்போக்கால் காற்றின் சூட்டிலிருந்து காக்கப்படுவதைப் பாட்டர், டேவிடோவிட்ஸ், வுட்ஸ் ஆகியோர் 2009 இல் வெளியிட்டார்கள். 2018 இல் இந்தியாவுக்குள் புகுந்து, நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனமாகிய மக்காச்சோளத்தைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழு, இரவில் பறக்கிறது. புழுவாகக் குருத்துக்குள் ஒளிகிறது. கூட்டுப்புழுவாகச் சில அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது. அக்கினி நட்சத்திர வெயிலே அதைக் கொன்றுவிடும் என்று சும்மா இருந்த நிலங்களில் அது பிழைத்தது. கோடை உழவு செய்து கூட்டுப்புழுவை மேலே புரட்டிப்போட்ட நிலங்களில் வெயிலும் கொக்கும் மைனாவும் அதை முடித்தன. பட்டுப்பூச்சிக்கோ ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ப்பு வாழ்க்கையால் இந்தச் சுதந்திரம் போய்விட்டது. அதன் புழு தட்டை விட்டு நிழல் தேடிப் போகாது. அதன் பூச்சி பறந்து தப்பாது. ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய இடத்தை அதற்குத் தேடிக் கொடுக்கும் கடமை வளர்க்கிறவருடையது. அவரிடம் ஒற்றை எண்ணைக் கொடுத்தால் அந்தக் கடமையை அவர் எப்படிச் செய்வார்?

எதிர்க்கட்சியார் சொல்லும் மிக வலுவான வாதம் இனத்தைப் பற்றியது. மைசூர் இனம் போன்ற மஞ்சள்கூட்டு இனங்கள் வெயிலைத் தாங்கும், வெளிநாட்டு வம்சத்து வெள்ளைக்கூட்டுப் பைவோல்டின் தாங்காது, எனவே தாங்கும் இனத்தைக் கொண்டுவந்தால் போதும் என்கிறார்கள். இனங்களுக்குள் வேற்றுமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜாயும் கோபிநாதனும் 1995 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 41 டிகிரிவரை சூடேற்றியபின் பல தலைமுறை காணும் இனமே இரண்டு தலைமுறை காணும் இனத்தைவிட நன்றாகப் பிழைத்தது. மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தார் வெயிலைத் தாங்கும் வெள்ளைக்கூட்டுக் கலப்பினங்களை உருவாக்கியிருப்பதும் போற்றத்தக்கது. ஆனால் அவர்கள் அந்த இனங்களைத் தேர்ந்தெடுத்த முறையைப் பாருங்கள்: 36 டிகிரி உஷ்ணத்தில் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது ஐந்தாம் பருவப் புழுவை. எந்தப் பருவம் வெயிலில் தளரும் என்பதை அறிந்தவர்கள் அதையே உரைகல்லாக வைத்தார்கள். அவர்கள் தந்த இனத்தை வாங்கிக்கொண்டு, அவர்கள் அறிந்ததை விட்டுவிடுவது என்ன நியாயம்? மேலும், தமிழ்நாட்டில் இன்று விளையும் மல்பெரிப் பட்டின் பெரும்பகுதி வெள்ளைக்கூட்டுப் பட்டுதான்; சமவெளி அதற்கு ஆகாது என்ற வாதத்தை விவசாயிகளின் கைகளே பொய்யாக்கிவிட்டன.

வேறு சிலர், ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ தொழிலை ஏற்றிவிடலாம் என்கிறார்கள். எல்லாப் பருவத்தையும் மலையேற்ற வேண்டியதில்லை. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் பட்டுப்பூச்சி இனங்களின் மூலவித்துகளைப் பேணும் நிலையம் இருப்பதன் காரணம் அங்கே பூச்சியும் முட்டையும் சுகப்படும் என்பதே. வித்துக்கு மேட்டுநிலம், விளைச்சலுக்குச் சமவெளி என்ற பிரிவினை நடைமுறையில் ஏற்கெனவே இருக்கிறது. பேச்சில்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மனையைக் குளிர்விக்கும் செலவைப் பற்றிச் சொல்லப்படும் தடைக்கும் விடை உண்டு. நம் வெயில் வறண்ட வெயில். 40 டிகிரி உஷ்ணமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள பிற்பகலில், நனைந்த துணி சுற்றிய உஷ்ணமானி ஏறக்குறைய 24 டிகிரியையே காட்டும். அதாவது நீர் ஆவியாவதால் மட்டும் காற்றைக் குளிர்விக்கக்கூடிய இடைவெளி பதினாறு டிகிரி இங்கே கிடக்கிறது. புழுக்கமான கடற்கரைக்கு இந்த வசதி இல்லை. அந்தப் பதினாறில் பாதியைப் பயன்படுத்தினாலும் மனை முப்பத்திரண்டுக்கு இறங்கும். ஓட்டின்மேல் தென்னங்கீற்று, அதற்கு மேல் சுண்ணாம்பு வெள்ளை, மேற்குச் சுவரோரம் புங்கமரம், கூரை உச்சியில் சூட்டுக்காற்று வெளியேற வழி என்று சேர்த்தால் இன்னும் இறங்கும். ஆனால் இப்படிக் குளிர்விக்கும் ஈரத் திரையை நாளெல்லாம் தொங்கவிட்டு ஈரப்பதத்தை எண்பதுக்கு ஏற்றிவிடக்கூடாது. ஐந்தாம் பருவத்துக்கு அது விஷம். நண்பகல் முதல் நான்கு மணிவரை திரை, பிறகு இரவு முழுவதும் திறந்த ஜன்னல், விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் தாராளமாக இலை, படுக்கையில் புழு நெருக்கம் குறைவு, இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது எச்சம் அகற்றல்: சிறு விவசாயிக்கு எட்டாதது இதில் ஒன்றும் இல்லை.

பட்டு வளர்ச்சித் துறையின் இயக்ககமும் மத்திய பட்டு வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமும் சேலத்திலேயே இருக்கின்றன. விவசாயிகளுக்கு அவர்கள் கொடுக்கும் அட்டவணைகளில் முதற்பருவம் முதல் ஐந்தாம் பருவம்வரை உஷ்ணம் குறித்திருக்கிறது. அந்த அட்டவணை நூற்கும் மூன்று இரவுகளுக்கும், கூட்டுப்புழு நாட்களுக்கும் நீளவேண்டும், வித்துக்கூடு வளர்ப்போருக்குப் பூச்சி வெளிவரும் நாள்வரை நீளவேண்டும். மானியத்தில் வழங்கும் உஷ்ணமானி கதவோரச் சுவரில் தொங்காமல், படுக்கையின் நடுத்தட்டில், புழுவின் மட்டத்தில் வைக்கப்பட வேண்டும். காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதும் வழக்கத்தோடு, பிற்பகல் மூன்று மணிக்கும் பார்த்து எழுதவேண்டும். குளிர்விக்கும் சாதனத்துக்கென்று ஒதுக்கும் பணம் இளம்புழு மையத்துக்கு முன்பாக வளர்ந்த புழு மனைக்கும், அதற்கும் முன்பாக வித்துக்கூடு நூற்கும் அறைக்கும் போகவேண்டும். வருகிற பங்குனிக்குள் இதைச் செய்ய முடியும்.